வெள்ளிக்கிழமைச் சிப்பி

மூடிய சட்டிக்குள் 'டக்' என்று ஒரு சிப்பி வாய் திறந்தது. உடனே எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நாலாவது மாடி எங்கள் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை அப்பா பசார்ச் சந்தையிலிருந்து இரண்டு கிலோ சிப்பியோடு வந்து நின்றார். வெள்ளியன்று எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது.

"இன்னிக்கு என்ன கிழமைங்க?" என்றாள் அம்மா.

"மறந்துட்டேன் லா. நாளைக்கு வரைக்கும் தாங்காது."

"அப்ப அடுப்பத் தூக்கிட்டு வெளிய போங்க. தின்னுட்டு எல்லாரும் குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்!"

வெளி நடையில் அடுப்பு எரிந்தது. இஞ்சியும் செராய் என்ற எலுமிச்சைப்புல் தண்டும் மாடி முழுக்க மணத்தன. முதலில் திறக்கும் சிப்பி யாருக்கு என்று எனக்கும் அண்ணனுக்கும் அடிதடி. டக், டக், டக்! நாங்கள் குதித்தோம்.

"தண்ணி ஊத்தாதீங்க, அதுவே விடும்! போதும், எறக்குங்க, ரப்பராயிடும்!" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள். அவள் கால்கள் வீட்டுக்குள் இருந்தன. மூக்கு மட்டும் வெளியே இருந்தது. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

இன்று சனிக்கிழமை. என் அடுப்படியில் அம்மா தட்டோடு நிற்கிறாள்.

"மொதச் சிப்பி எனக்குடி. அன்னிக்கே எனக்கு வரவேண்டியது!"