மூன்றாவது பெயர்

மார்கழியில் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் எங்களுக்குக் கேமரா கிடைத்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலேயே என் சித்தப்பா கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். தோளில் தூக்கி வைத்துப் படம் பிடிக்கும் பெரிய கேமரா அவருடையது. தொண்ணூறுகளின் நடுவில், நான் பிளஸ் ஒன் படித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு திரைப்பட விழாவில் பள்ளி மாணவர்களுக்குக் குறும்படப் போட்டி வைத்தார்கள். எங்கள் பெண்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. பெயர் கொடுத்தது நானும் என் வகுப்புத் தோழியும் மட்டும்தான்.

ஆனால் படத்தை எடுத்தவள் மூன்றாவது ஒருத்தி. எங்கள் தெருக்காரி. பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள், என்னைவிட நன்றாகப் படித்தவள். பரீட்சை முடிந்ததும் அவள் அப்பா, படித்தது போதும் என்று தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்க அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. சித்தப்பா வீட்டில் கேமராவை எடுத்துப் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

"தோளு தாங்குமாட்டி?" என்று கேட்டார் சித்தப்பா.

"துணிக்கட்டு தூக்குத தோளுதான சித்தப்பா" என்றாள்.

கதையும் அவளுடையதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற ஒரு பெண், தன் நீலப் பள்ளிச் சீருடைப் பாவாடையை வெட்டித் தங்கைக்கு அளவாகத் தைக்கிறாள். அவ்வளவுதான். வகுப்புத் தோழி நடித்தாள். வெட்டவேண்டிய பாவாடை கேமராவுக்குப் பின்னால் நின்றவளுடையது. வரும் ஜூனில் அவள் தங்கை ஆறாம் வகுப்புக்குப் போக அது நிஜமாகவே தேவைப்பட்டது. வேறு பாவாடை இல்லாததால் அந்தக் காட்சியை ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

கத்திரியைத் துணிமேல் வைத்ததும் நடித்தவளுக்குக் கை ஓடவில்லை. கண் நிறைந்துவிட்டது. எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெட்டு. நிறுத்தாத" என்றது கேமராவுக்குப் பின்னால் இருந்த குரல்.

அவள் வெட்டினாள். அந்தக் குரலும் டேப்பில் பதிந்துவிட்டது. படத்தில் வேறு பேச்சே இல்லை. அதை அழிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை, அழிக்க மனமும் இல்லை. கடைசியில் ஒரு சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் மூன்று பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதிப் படம் பிடித்தோம்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஒரு கல்யாண மண்டபத்தில் ஜன்னல்களை எல்லாம் போர்வையால் மூடி, மேடையில் டிவி வைத்திருந்தார்கள். எங்கள் அறிவியல் டீச்சர் கூட வந்திருந்தார். மரம் நடுவது, புகையிலை கெடுதல் என்று மற்ற பள்ளிப் படங்கள் ஓடின. கடைசியாக எங்கள் படம் ஓடியது. முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் எழுந்தார்.

"அருமையா இருக்கும்மா. அந்த 'வெட்டு'ங்கிற குரல் யாருது?"

"என்னுது" என்று எழுந்தாள் அவள்.

"எந்த கிளாஸ் படிக்கிற?"

டீச்சர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பிளஸ் ஒன்னுன்னு சொல்லு" என்று முணுமுணுத்தார்.

"படிக்கல சார். தளவாய்புரத்துல நைட்டி தைக்கேன்."

எங்களை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். விழா நடத்தியவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். முதல் பரிசு எங்களுக்குத்தான் என்று முடிவாகிவிட்டதாம். ஆனால் போட்டி பள்ளி மாணவர்களுக்கு மட்டும். "மூணாவது பேரை மட்டும் எடுத்துருவோம். கப்பு உங்க ரெண்டு பேருக்கு. என்ன?"

டீச்சர் சரி என்றார். அவளும், "எடுத்துருங்க சார். கப்பு நம்ம தெருவுக்குத்தான வருது" என்று சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

"அவ பேரு இல்லாம எங்க பேரும் வேண்டாம்" என்றேன்.

"அவசரப்படாதம்மா" என்றார் விழா நடத்தியவர்.

"படிக்க விடாம வெளிய அனுப்புனது ஒரு தடவ. இப்ப அதுக்காகவே நீங்களும் அனுப்புவீயளா?"

நடித்தவள் அதற்குள் டிவிக்குப் பக்கத்தில் போய் வீடியோ டெக்கிலிருந்து எங்கள் கேசட்டை வெளியே எடுத்துவிட்டாள். டீச்சர் கத்தினார். மூவரும் மண்டபத்துக்கு நடுவாக நடந்து வெளியே வந்தோம். எங்களுக்குப் பின்னால், ஒரு படம் தொழில்நுட்பக் காரணத்தால் விலக்கப்பட்டதாக மைக்கில் அறிவித்தார்கள். திரும்பி வாசலில் நின்று, "தொழில்நுட்பம் இல்ல! படம் எடுத்தவ தையக்காரி, அதான் காரணம்!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. நாற்காலிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

பஸ்ஸில் அவள் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே வந்தாள். "கப்ப விட்டுட்டு வந்துட்டீகளே, கூறுகெட்டவளுகளா!" ஆனால் கேசட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

மறுநாள் பிரேயரில் எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்தினார்கள். பள்ளியின் மானம் போய்விட்டது என்று ஹெச்.எம். பேசினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. பொங்கல் லீவு வரும்வரை வகுப்புக்கு வெளியே நின்றோம்.

அதே வாரம் அவள் கேசட்டைத் தளவாய்புரத்துக்குக் கொண்டுபோனாள். முதலாளி வீட்டு டிவியில், சாப்பாட்டு நேரத்தில், அவளோடு தைக்கும் பெண்கள் பார்த்தார்கள். பாவாடை வெட்டும் இடம் வந்ததும் ஓர் அக்கா, "எங்க வீட்லயும் இப்படித்தாம்ட்டி வெட்டுனாக" என்றாளாம். பெயர் வந்ததும் எல்லாரும் கை தட்டினார்களாம். இதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை எந்தக் கேமராவாலும் பிடித்திருக்க முடியாது.

தை பிறந்து கல்யாணங்கள் ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களுக்குச் சித்தப்பாவோடு அவளும் போனாள். பொம்பளப் பிள்ளை கேமரா தூக்குவதா என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டார்கள். "செத்த நேரம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்று சொல்லிவிட்டுத் தாலி கட்டுவதை எடுத்தாளாம். அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப யாரும் முன்வரவில்லை.

அடுத்த ஆண்டும் போட்டி அறிவிப்பு வந்தது. படம் எடுத்த எல்லாரும் மாணவர்கள்தான் என்ற தலைமையாசிரியரின் சான்றிதழ் கட்டாயம் என்று அதில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதை வாசித்துவிட்டு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த மார்கழியில் இரண்டாவது படம் எடுத்தோம். அதை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. தளவாய்புரத்தில்தான் முதலில் போட்டுக் காட்டினோம்.