நேரே அடிக்காத உதயசூரியன்

யாங்கோனில் பேஸ்பால் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் உதயசூரியனைத் தெரியாதவர் கிடையாது. இன்சீன் ரயில் பட்டறையில் வெல்டர். நகர அணியின் முதன்மை மட்டையாளர். அவர் அடித்தால் பந்து மைதானத்தின் வலது கோட்டை ஒட்டிப் பறக்கும். அந்த அடியைக் கைப்பேசியில் படம்பிடித்துப் போன வெளியூர்ப் பயிற்சியாளர்கள் உண்டு. அபாரத் திறமை என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

இருபத்து மூன்று வயதுவரை அவர் நேராகத்தான் அடித்தார்.

ஒரு காலைப் பயிற்சியில் அவருக்குப் பந்து எறிந்தவர் மாஹிர். உதயசூரியன் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பக்கத்துக் கட்டடத்துச் சிநேகிதர்.

"இன்னும் வேகமாப் போடுடா" என்று கேட்டது உதயசூரியன்தான்.

மாஹிர் போட்டார். மட்டையில் பட்ட பந்து வந்த வழியே திரும்பி மாஹிரின் இடது கண்ணைத் தாக்கியது. கையைத் தூக்கக்கூட நேரமில்லை. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

உதயசூரியன் தினமும் மாஹிரின் வீட்டுக்குப் போனார். ஒரு நாள் மாஹிரின் தாய் பரீதா வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ வேணும்னு செய்யல, தம்பி. எனக்குத் தெரியும். ஆனா உன்னப் பாத்தா என் வயிறு எரியுது. இனிமே வராதே."

அதன்பின் உதயசூரியன் போகவில்லை. அந்த வருடம் மட்டையையும் தொடவில்லை. பட்டறையில் கழித்துப்போட்ட குழாய்களைக் கேட்டு வாங்கி, எறியும் கைக்கு மட்டும் இடம்விட்டு ஒரு சட்டம் பற்றவைத்து, மீன்வலை கட்டி மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பயிற்சியில் பந்து எறிபவர்கள் அதன் பின்னால் நின்று எறிந்தார்கள். அடுத்த வருடம் அவர் திரும்பி வந்தார். ஆட்டத்தில் வலை கிடையாது. எதிரே ஆள் நிற்பதைப் பார்த்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பும். பந்து வலப்பக்கம் போகும். பத்து வருடம் அப்படியே போயிற்று.

அவருடைய கடைசி ஆட்டம் ஓர் இறுதிப் போட்டி. ஓர் ஓட்டம் எடுத்தால் சமன்; அதற்கு மிஞ்சியது ஒரே பந்து. எதிரணி தன் ஆட்களை வலப்பக்கம் குவித்துவிட்டது; நடுவில் மைதானம் காலி. நேர் எதிரே நின்று பந்து எறிந்தவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. பந்து நடுவாக, அடிப்பதற்கென்றே வந்தது. உதயசூரியன் மட்டையை அசைக்கவில்லை. ஆட்டம் முடிந்தது.

"ஏன் அடிக்கல, கோ உதய்?" என்றார் சயா. பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்; பெயருக்கு முன் வரும் 'கோ' ஆண்களுக்கான மரியாதைச் சொல்.

"கை வரல, சயா."

பார்வையாளர் பக்கமிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மாஹிர்.

"எத்தன வருசமா இப்படி?"

"அன்னையிலேருந்து."

மாஹிர் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"உம்மேல எனக்குக் கோவமே இருந்ததில்ல. இப்பத்தான் வருது. என் கண்ணோட உன் ஆட்டத்தையும் சேத்துப் பொதச்சிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

மாஹிர் உதயசூரியனின் கையைப் பிடித்து பஸ் ஏற்றித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பரீதா கதவைத் திறந்தார். உதயசூரியன் படியிலேயே நின்றார். பரீதா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தல நரச்சிருச்சே, தம்பி" என்றவர், கதவை விட்டு விலகி வழிவிட்டார்.