கணினி எழுதிய அம்மனைப் பார்க்கப் பண்டாரவளை போனேன்

போன வருடம், 2008இல், சித்திரைப் புத்தாண்டு முடிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை பசறையிலிருந்து பண்டாரவளைக்குப் போனேன். செயற்கை அறிவையும் கலையையும் சேர்த்து ஆராயும் ஓவியர்களுக்கு ஆறு மாதப் புலமைப்பரிசில் ஒன்று அறிவித்திருந்தார்கள். கொழும்பில் தங்குமிடம், முடிவில் பெயர் போட்டுக் கண்காட்சி. எங்கள் ஊவா மாகாணத்துக்கு ஒரே ஓர் இடம். அதற்கு நேர்முகம். இதுபோன்ற ஒன்றுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முப்பது வருடமாக நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் சுவர்களுக்குச் சாமிப் படம் எழுதுகிறேன். யாரிடமும் படித்ததில்லை. அதனால் கலைவிழா என்று எது நடந்தாலும் மேடைக்குப் பின்னால் தொங்கும் பதாகையை என்னிடம் எழுதி வாங்குவார்கள். மேடையில் வேறு யாரோ ஓவியர் என்று மாலை வாங்குவார். அந்தக் கண்காட்சியில் என் பெயர் வரவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

விண்ணப்பத்தில், வரையும் முறையைப் படிப்படியான விதிகளாக எழுதச் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துக் கணினி வரையுமாம். அம்மன் முகத்துக்கு முப்பத்தொன்பது விதி எழுதினேன். எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக் கோயிலில் நான் எழுதிய அம்மனின் போட்டோ ஒன்றையும் வைத்து அனுப்பினேன்.

காலை 6.10க்குப் பசறை பஸ். பதுளை 18 கிலோமீட்டர், வளைவுகளால் ஐம்பது நிமிடம், 28 ரூபாய். வயிறு தாங்காதவர்கள் வெறும் வயிற்றோடு ஏறுங்கள். பதுளையில் 8.30 ரயில், மூன்றாம் வகுப்பு. தெமோதரையில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய், மலையைச் சுற்றி ஏறி, அதே சுரங்கத்தின் மேலே உள்ள ஸ்டேஷனில் நின்றது. எத்தனை தடவை போனாலும் எனக்கு இது குழப்பம்தான். 10.20க்குப் பண்டாரவளை. நேர்முகம் நடக்கும் மண்டபம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தேன்.

"வேட்டியெல்லாம் கட்டியிருக்கீங்க, கல்யாணத்துக்குங்களா ஐயா?"

"இல்லப்பா. கம்ப்யூட்டர் ஒண்ணு அம்மன் படம் எழுதுதாம். பாக்கப் போறேன்."

"அதுவே எழுதிட்டா நீங்க எதுக்குங்க?"

ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எண்பதுதான் கொடுத்தேன்.

மண்டபத்தில் சிவகௌரி என்ற பெண் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணினிக்கு விதிகளை ஊட்டியவர், தேர்வு செய்பவரும் அவரே. திரையைத் திருப்பிக் காட்டினார். நெற்றி, மூக்குத்தி, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் என் அளவு. கண் மட்டும் இல்லை. அந்த இடம் வெறும் மஞ்சள்.

"ஐயா, கண் எங்கை? எழுத மறந்திட்டியளோ?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் கண்ணை வரைவது என்று சொல்வதில்லை. படம் முடிந்த பிறகு, பூசை நாளில், விரதமிருந்து குளித்து, திரைச்சீலைக்குள் நின்று கண் திறப்போம். அதுவரை அது சுவர். வரையும் முறையைக் கேட்டார்கள். வரைவதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

"மறக்கலைங்க. கண்ணு வரையிறதில்ல, தொறக்கிறது."

"சரி, திறக்கிறதுக்கு விதி சொல்லுங்கோ."

"அதுக்கு விதி கிடையாதுங்க. அன்னைக்கு நின்னாத்தான் தெரியும்."

"கண்ணில்லாத அம்மனை நான் கொழும்பிலை ஆருக்குக் காட்டுறது?"

"கண்ணுள்ளவங்களுக்குக் காட்டுங்க."

சிரித்துவிட்டார். "அப்ப உங்கட போட்டோவிலை இருக்கிற கண்ணையே எடுத்து வைப்பம்" என்று எதையோ அழுத்தினார்.

முகம் என்னைப் பார்த்தது. என் இரண்டு கையும் எழுந்து நெஞ்சு வரை வந்துவிட்டன.

"ஐயா, கும்பிட்டனீங்கள்!"

"பழக்கங்க" என்று கையை இறக்கினேன். உடம்பு வேர்த்தது. "அதை எடுத்துடுங்கம்மா. அது கீழ்ப்பிரிவு அம்மனுக்குத் தொறந்த கண்ணு. இன்னொரு முகத்துல வைக்கக் கூடாது."

"எடுத்தா விண்ணப்பம் அரைகுறை, ஐயா. யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்த இடம் உங்களுக்குத்தான் எண்டு நினைச்சிருந்தன்."

யோசித்தேன். கண்காட்சியில் என் பெயர் போட்ட பலகையைக்கூட மனதில் பார்த்தேன். "எடுத்துடுங்க" என்றேன். அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு எடுத்தார். மறுபடி மஞ்சள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: விண்ணப்பம் முழுமையற்றது, தெரிவு செய்ய இயலவில்லை.

போக நினைப்பவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், மண்டபத்தில் குளிர். மத்தியானச் சாப்பாடு தரமாட்டார்கள். பிற்பகல் ரயில் தாமதமானால் பதுளையில் பசறை பஸ் தவறும், எனக்குத் தவறியது. படிவத்தை நிரப்பும் முன் உங்கள் வேலையில் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்லக்கூடாது என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். அங்கே போய் முடிவெடுத்தால் என்னைப்போல் வேர்க்கும்.

மறுத்தது சரிதான், யார் வந்து வாதாடினாலும் மாற்றிக்கொள்ளமாட்டேன். ஆனால் விரதமில்லை, பூசையில்லை, ஒரு பெண் விரலால் அழுத்தினார், அவ்வளவுதான். அதற்குள் என் கையை எழுப்பியது யார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.