கிளவுஸ் போட முடியாத கை

மொபைல் போன் அசெம்பிளி லைனில், ஸ்க்ரூ ஸ்டேஷனில் வேலை செய்துகொண்டிருந்தபோது என் வலது மணிக்கட்டு, போனை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரில் மாட்டி நசுங்கியது. ரத்தம்கூட வரவில்லை. கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்தது. வலி போகவில்லை. நாள் போகப்போக அதிகமானது. ஏசி காற்று பட்டாலே கை எரிந்தது. சில நேரம் சிவந்து கொதிக்கும். சில நேரம் நீலம் பாய்ந்து சில்லிட்டுப் போகும்.

கிளவுஸ் இல்லாமல் லைனில் உட்கார விடமாட்டார்கள். திருப்பதிப் பக்கம் எங்கள் ஊர் நாகலாபுரத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே அந்தக் கிளவுஸை நினைத்து எனக்கு வேர்த்துவிடும்.

கம்பெனி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எல்லாம் நார்மல். வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா? புருஷனோட சண்டையா?"

"கை வலிக்குதுன்னு வந்தேன் சார். புருஷனப் பத்தி இன்னாத்துக்குக் கேக்கறீங்கோ?"

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

லைன் லீடர் பிரசாத் அதைவிட மோசம். "ஏமம்மா, டார்கெட் ஏத்துனா மட்டும் உனக்கு நொப்பி வருதா?" என்பார். வலிக்குத் தெலுங்கில் நொப்பி. அந்தச் சொல்லே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

ஒருநாள் மதியம், எல்லோர் முன்னாலும் என் ஸ்டேஷனுக்கு வந்தார். "எங்க, காட்டு பாக்கலாம்" என்று கையைப் பிடித்து விரல்களைச் சேர்த்து அழுத்தினார். அலறிக்கொண்டு ஸ்டூலிலிருந்து விழுந்தேன். அவர் சிரித்தார். "சூப்பர் ஆக்டிங்!"

பக்கத்து ஸ்டேஷன் செல்வி, கார்வேட்டிநகரத்துக்காரி, கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தாள்.

"நீயெல்லாம் மனுசனாய்யா? அது துடிச்சிக்கினு கெடக்குது, நீ சிரிச்சிக்கினு நிக்கிற!"

அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். லைன் நின்றது. உடனே மேனேஜர் ஓடி வந்தார். தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். ஆனால் அவர் கேட்டது, "லைன் ஏன் நிக்குது?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இந்தக் கைக்கு இன்னா ஆச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார். நாடகம்னு சொல்லாதீங்க" என்றேன்.

என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை செல்வி வேலையில் உட்காரவில்லை. திருப்பதியில் நரம்பு டாக்டரம்மா என் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "தொடலாமா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன்.

என் வலிக்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார். "காயம் ஆறிடுச்சு. நரம்பு மட்டும் இன்னும் அடிபட்ட மாதிரியே சிக்னல் அனுப்புது. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியல. ஆனா உங்க வலி நிஜம்."

"பூரா போயிடுமா மேடம்?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. கொறைக்கப் பாக்கலாம்."

மாத்திரையும் பிசியோதெரபியும் இன்றும் ஓடுகின்றன. நல்ல நாளும் உண்டு, தலையணை உறை உரசினாலே உயிர் போகிற நாளும் உண்டு. சண்டை போட்டு இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மாற்றல் வாங்கினேன். அங்கே கண்ணுக்குத்தான் வேலை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிரசாத் இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு சேஃப்டி வகுப்பு எடுக்கிறார்.

லைனுக்குப் புதிதாக வரும் பெண்களே, உங்களைக் கேட்காமல் யாரையும் தொட்டுச் சோதிக்க விடாதீர்கள். வலியைச் சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள். "கொஞ்சம்தான் சார்" என்று முதல் நாட்களில் மரியாதைக்காக நான் சிரித்தபடி சொன்னதை, கொஞ்சம்தான் என்றே எடுத்துக்கொண்டார்கள்.