எங்கள் ஆசிரியர் அறையை அளந்த பெண்கள்

என் வாழ்நாளில் நான் முன்னின்று நடத்திய போராட்டம் ஒன்றே ஒன்றுதான். காரைக்காலில் நான் தமிழாசிரியையாக வேலை பார்க்கும் தனியார் பள்ளியில், ஆசிரியர் அறைக்கு ஏசி வேண்டும் என்று தாளாளருக்கு மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். சில வாரங்களிலேயே ஏசி வந்துவிட்டது. அதற்குப் பிறகு சக ஆசிரியைகள் என்னைத் தலைவி என்று கேலியாகக் கூப்பிட்டார்கள். அது கேலி என்பதை நான் கவனிக்கவில்லை.

அதனால்தான், சென்ற ஜூனில் பள்ளி திறந்ததும் முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டபோது நான் வியக்கவில்லை. "சுற்றுச்சூழல் மன்றத்த நீங்க எடுத்துக்கங்க. காலநிலை நீதியாம். பிள்ளைங்க ஏதாவது செய்யுற மாதிரி தூண்டிவிடணுமாம். நீங்கதான் நல்லா பேசுவீங்க" என்றார். என் பேச்சுத் திறமையை இவ்வளவு நாள் கழித்தாவது கண்டுகொண்டார்களே என்று மகிழ்ந்தேன். பாட அட்டவணையில் எனக்குத்தான் இரண்டு வகுப்பு குறைவு என்பது பிறகு தெரிந்தது.

பக்கத்துத் தருமபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, மூன்று நாள் கைபேசியில் படித்துக் குறிப்பெடுத்தேன். பனிமலை, பனிக்கரடி, உருகும் துருவம் எல்லாம் சேர்த்தேன். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தழுதழுக்க விடுவது என்று கண்ணாடி முன் நின்று பழகினேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கரடிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பேச்சு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பிளஸ் ஒன் பெண்கள் வகுப்பு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பள்ளி திறப்பையே வெயிலுக்காகத் தள்ளிப்போட்டிருந்த ஆண்டு அது. மின்விசிறி சுற்றியது, ஆனால் மேலேயிருந்து அனலைத்தான் இறக்கியது. பனிக்கரடியின் படத்தைத் தூக்கிக் காட்டி, "இதன் கண்ணீர் உங்களுக்குத் தெரிகிறதா?" என்று குரலைத் தழுதழுக்க விட்டேன். நெற்றி வியர்வை என் கண்ணில் இறங்கிவிட்டதால் கண்ணீர் எனக்கு நிஜமாகவே வந்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

திருநள்ளாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"மிஸ், எங்கம்மா நடவுக்குப் போறாங்க. முன்னல்லாம் காலையில சாப்புட்டுப் போவாங்க. இப்ப பதினோரு மணிக்கு மேல வயல்ல நிக்க முடியலன்னு இருட்டோட கெளம்பிப் போறாங்க. போன வாரம் ரெண்டு பேரு மயங்கி விழுந்துட்டாங்க. நீங்க சொல்றது இதுதானே?"

"இதுவும்தாம்மா" என்றேன். என் குறிப்பில் நடவு இல்லை.

"அப்ப இந்தச் சூட்ட யாரு உண்டாக்குனாங்களோ, அவங்களுக்குத்தான் சூடு கம்மியா இருக்கு. அப்படித்தானே மிஸ்?"

காலநிலை நீதிக்கு நான் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்த விளக்கத்தை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பாராட்டியிருக்க வேண்டும். "நல்ல கேள்வி. அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும் முன்பே படியிறங்கி ஏசி அறைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அவள் அடுத்த வாரம்வரை காத்திருக்கவில்லை. மறுநாளே நான்கு தோழிகளோடு வந்து நின்றாள். "மிஸ், அறிவியல் லேப்ல வெப்பமானி இருக்கு. ஒரு வாரம் பள்ளிக்கூடத்துல எல்லா எடத்துலயும் சூட்ட அளந்து எழுதலாமா?"

ஆண்டறிக்கைக்கு நல்ல புகைப்படம் கிடைக்கும் என்ற ஒரே எண்ணத்தில் சரி என்றேன். அவர்கள் வெப்பமானியைப் பிடித்தபடி நிற்க, பக்கத்தில் நான் வழிகாட்டுவதுபோல் விரலை நீட்டிக்கொண்டு நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் செய்த வேலை அது மட்டும்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையின் முன்னால் ஒரே கூட்டம். பெரிய சார்ட் ஒட்டியிருந்தார்கள். இடம், மதிய வெப்பம், அங்கே இருப்பவர் யார் என்று மூன்று கட்டங்கள். மேலே, மிக அதிகச் சூடாக இருந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகை. இருப்பவர், கூட்டிப் பெருக்கும் ஆயா அம்மா; அவர் சாப்பிடும் இடம் அதுதான். அடுத்து மாடி வகுப்புகள். கடைசிக்கு முந்தியது கம்ப்யூட்டர் அறை, இருப்பவர், கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் கீழே, மிகக் குளிர்ந்த இடம், ஆசிரியர் அறை. பக்கத்தில், மாடியிலும் கொட்டகையிலும் சூட்டைக் குறைக்க வழி செய்யச் சொல்லித் தாளாளருக்கு ஒரு மனுவும் இருந்தது. படிக்கப் படிக்க எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. "கடும் வெப்பத்தால் பணியில் கவனம் செலுத்த இயலாமல் பெரிதும் அவதியுறுகிறோம்" என்பது என் வரி. பத்தாம் வகுப்பில் இவர்களுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, சிறந்த மாதிரி என்று என் ஏசி மனுவைத்தான் வாசித்துக் காட்டியிருந்தேன். 'பணியில்' என்பதைப் 'பாடத்தில்' என்று மாற்றியிருந்தார்கள். மற்றபடி ஒற்றுப்பிழைகூட இல்லை.

சார்ட்டைக் கழற்றிவிடலாமா என்று கையை நீட்டினேன். அதற்குள் பியூன் வந்து, "டீச்சர், மேடம் கூப்புடுறாங்க. தாளாளரும் வந்திருக்காரு" என்றார்.

"இது ஒங்க மன்றத்து வேலையா?" என்றார் முதல்வர், என்னைப் பார்க்காமல்.

"எனக்குத் தெரியாதுங்க மேடம். பிள்ளைங்க தானா பண்ணிட்டாங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தானே பண்ணியிருக்காங்க? மாடி அவ்வளவு சுடுதுன்னு யாரும் என்கிட்ட சொல்லலியே."

"நான்தாங்க ஐயா வழிகாட்டுனேன்" என்றேன் அடுத்த மூச்சில்.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மேசைக்கடியில் புகுந்துகொள்ள இடம் இருந்தால் புகுந்திருப்பேன். அந்த ஐந்து பெண்களும் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது திரும்பியபோதுதான் தெரிந்தது.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பினார்கள். தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு மணி அடித்தார்கள். மாடி வகுப்புகள் மதியத்தில் முறைவைத்துக் கீழே உள்ள கூடத்தில் நடந்தன. ஆசிரியர் அறை ஏசியை மதியம் மட்டும் போடுவது என்று முடிவானது. கணக்கு டீச்சர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "வாங்கிக் குடுத்ததும் நீ, வேட்டு வச்சதும் நீ" என்றார். எனக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடர் பூசிய கழுத்தோடு செய்யுள் நடத்தினேன்.

ஆயா அம்மா இனி ஆசிரியர் அறையில் சாப்பிடலாம் என்பதும் முடிவுகளில் ஒன்று. முதல் நாள் டிபன் பாக்ஸோடு கதவருகே நின்றார். "உள்ள வாங்க, வந்து உக்காருங்க" என்று அகலமாகச் சிரித்து, என் நாற்காலியையே இழுத்துப் போட்டேன். என் பெருந்தன்மையை எல்லோரும் கவனிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார்: "டீச்சர், இதக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? குளுருல முட்டி வலிக்குது." நிறுத்தினோம். அதன் பிறகு மதியமும் பாதி நேரம் ஏசி இல்லை.

ஜூலையில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். நடவு வயல்களில் நிற்கும் சூட்டை அளந்து எழுதி, வேலை நேரத்தை மாற்றவும் வயலோரம் நிழல் போடவும் தண்ணீர் வைக்கவும் சொல்லி அதிகாரிகளிடம் கொடுக்கப்போகிறார்களாம். வெப்பமானியை வெளியே எடுத்துப்போக என் கையெழுத்து வேண்டும்.

"நானும் வர்றேம்மா."

"வேணாம் மிஸ், ஒங்களுக்கு வெயில் ஒத்துக்காது" என்றாள், உண்மையான அக்கறையோடு.

ரோஷத்தில் போனேன். குடை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இரண்டு பாட்டில் தண்ணீர். வரப்பில் நாலு எட்டு வைத்ததும் வழுக்கி, முழங்கால்வரை சேற்றில் நின்றேன். நாற்றுக் கற்றைகளோடு பெண்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து வயலுக்குக் கேட்டிருக்கும். அந்தப் பெண்ணின் அம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "நீங்கதான் எம்பொண்ணுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்த டீச்சருங்களா?" என்று கேட்டார்.

தலையாட்ட ஆசையாக இருந்தது. ஆனால் நாலடி தள்ளி அவர் மகள் நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லீங்க. நான் வேற ஒன்னத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

மனுவை அவர்களே எழுதினார்கள். இந்த முறை என் வரி ஒன்றும் இல்லை. அம்மாக்கள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். காரைக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் இன்னும் வரவில்லை. போன சனிக்கிழமை இரண்டாம் முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.