தாரிங்காவின் மூக்கு

விப்பாவாப் பள்ளத்தாக்கின் கூட்டுறவு ஒயின் நிலவறையில் தாரிங்கா பத்தொன்பது வருடமாகக் கோப்பை கழுவினாள். அந்தச் செப்டம்பரில் ஒயினைச் சுவைத்து மதிப்பெண் போடும் குழுவின் தலைமைச் சுவைஞர் ப்ரெஸிகார் தன் கோப்பையில் விழுந்த பழ ஈயைச் சுண்டுவிரலால் எடுத்தெறிந்துவிட்டுக் குடிக்கப் போனார்.

"குடிக்காதீங்க. அது பொம்பள ஈ. ஆம்பள ஈ விழுந்தா ஒண்ணுமில்ல. பொம்பள ஈ விழுந்தா ஒயினே நாறிடும்" என்றாள் தாரிங்கா.

மேசையைச் சுற்றியிருந்த சுவைஞர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஆம்பள ஈக்குத்தான் அந்த மோப்பம் இருக்கும். உனக்கு எப்படி வந்துச்சு?" என்றார் ப்ரெஸிகார்.

தாரிங்கா கைத்துணியை உதறிப் போட்டாள். தான் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும்வரை ஒரு கோப்பையையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று நாளில் அழுக்குக் கோப்பைகள் மலையாகக் குவிந்தன. மேலாளர் லாவ்ரின் வேறு வழியில்லாமல் பள்ளியில் உயிரியல் நடத்தும் மெலிதாவை வரவழைத்தார்.

மெலிதா ஈக்களை மயக்கி, லென்ஸில் பார்த்து ஆண், பெண் பிரித்தாள். ஆறு கோப்பை வெள்ளை ஒயின். இரண்டில் ஆண் ஈ, இரண்டில் பெண் ஈ, இரண்டில் எதுவுமில்லை. ஐந்து நிமிடம் ஊறவிட்டு ஈக்களை எடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஈக்களை எடுத்துவிட்டு மெலிதா கை கழுவப் போன நேரத்தில் ப்ரெஸிகார் ஆறையும் கொட்டிவிட்டு வெறும் ஒயினை ஊற்றி வைத்தார்.

தாரிங்கா ஆறையும் முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள்.

"ஒண்ணுலயும் இல்ல. யாரை ஏமாத்தறீங்க?"

ப்ரெஸிகாரின் முகம் சிவந்துபோனதைப் பார்த்த மெலிதாவுக்கு விஷயம் புரிந்தது. அவரை வெளியே நிறுத்திவிட்டு மறுபடி எல்லாம் செய்தாள். தாரிங்கா நேராக இரண்டு கோப்பைகளை முன்னால் தள்ளினாள். இரண்டும் பெண் ஈ விழுந்தவை. ஆணை அழைக்கப் பெண் ஈ விடும் வாசனை அது, ஒரு துளியின் துளி போதும், மனித மூக்குக்கும் எட்டும் என்று மெலிதா சொன்னாள்.

லாவ்ரின் குழைந்தார். சுவைக்கும் நாட்களில் வந்து முகர்ந்து சொன்னால் போதும், மதிப்பெண் தாளில் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள் என்றார்.

"என் மூக்கு வேணும்னா என் பேரும் தாள்ல இருக்கணும். இல்லேன்னா நீங்களே மோந்து பாத்துக்குங்க."

அடுத்த வாரம் அவள் பெயர் போட்டே ஒரு மதிப்பெண் தாள் வந்தது. அவள் சுவைஞர்களின் மேசையில் உட்கார்ந்ததும் ப்ரெஸிகார் தன் நாற்காலியைச் சற்றே தள்ளிப் போட்டார். தாரிங்கா எழுந்தாள். தன் நாற்காலியைக் கல்தரையில் கரகரவென்று இழுத்துப் போய் அவர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள்.