பகலில் உறங்கிய தெரு

கரம்தாத் என் தாய்மாமன் மகன். பாகிஸ்தான் பக்கத்து மீர்பூரிலிருந்து இங்கிலாந்தின் பிராட்போர்டுக்கு எனக்கு முன்னால் வந்தவன். கம்பளி மில்லில் இரவுத் தறி ஓட்ட வெள்ளைக்காரன் வரமாட்டான்; எங்களுக்குக் கிடைத்தது அதுதான். அவன் என்னை அழைத்தான், நான் என் தம்பிமாரை அழைத்தேன். எனக்குப் பகல் வேலை. ஒரே கட்டிலில் இரவு நான் படுப்பேன், பகலில் அவன். மெத்தை ஆறியதே இல்லை. பிறகு பெண்டு பிள்ளைகள் வந்தார்கள், இறைச்சிக் கடை வந்தது, பள்ளிவாசல் வந்தது.

பகலெல்லாம் அந்தத் தெருவில் அப்பன்மார் உறக்கம். பிள்ளைகளுக்கு வீட்டில் 'உஷ்' ஒன்றுதான். மற்றதுகள் பள்ளி மைதானத்தில் கத்தித் தீர்த்துவிடும். கரம்தாத்தின் கடைக்குட்டி தஸ்லீமுக்கு அங்கேயும் குரல் எழும்பவில்லை.

ஒருநாள் டீச்சரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கோடை விடுமுறை முடிவதற்குள் பிள்ளை பேசாவிட்டால், ஊமைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்றார். கரம்தாத்தின் மனைவி ரேஷம் பீ அழுதாள்.

"எம் பொண்ணா ஊமை? வாயாடிக் கழுதை! தெனமும் எங்கிட்ட ஊர்க்கதையெல்லாம் அளக்குறா!" என்று குதித்தான் அவன்.

"மச்சான், அவ சத்தத்த நீ எப்பவாச்சும் கேட்டிருக்கியா?" என்றேன்.

தறி இரைச்சலில் காது பாதி போனவன் அவன். மில்லில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. மகள் சத்தமில்லாமல் உதட்டசைத்ததையும் அப்படியேதான் படித்திருக்கிறான்.

அந்தக் கோடையிலேயே மில்லுக்குப் பூட்டு விழுந்தது. தெருவே இழவு வீடானது. ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் கட்டினார்கள். கரம்தாத் மட்டும் இரவில் தூங்கி, பகலில் வாசற்படியில் மகளோடு உட்கார்ந்தான். அவள் உதடு அசைந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

"இப்ப சொல்லு. கேக்கல."

அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள், கிள்ளுவாள். திறக்கமாட்டான். விடுமுறையும் தீர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அவன் கண்ணை இறுக்கினான். அவள் உலுக்கினாள். வண்டி வாசலைத் தாண்டியது.

"அப்பா! வண்டி போவுது அப்பா!"

எதிர்வீட்டில் இருந்த எனக்கே தூக்கிப்போட்டது. ரேஷம் பீ பழக்கதோஷத்தில் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உஷ்!"

"அடிப் பைத்தியமே, இப்ப இந்தத் தெருவுல எவன்டி தூங்குறான்?" என்றான் கரம்தாத். கன்னமெல்லாம் ஈரம்.

வண்டி நின்றது. எனக்கும் ஒரு ஐஸ் வாங்கித் தந்தான்.